டூ-வில் எதற்கு ஒரு டபிள்யூ?

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். நான்காம் வகுப்பு படிக்கும் அவள் மகள், இரண்டைக் குறிக்கும் 'டூ'வை டபிள்யூ இல்லாமல் எழுதிவிட்டாளாம். ஐம்பது தடவை எழுதி வரச் சொல்லிவிட்டார்கள். "சொல்லும்போது வராத டபிள்யூ எழுதும்போது மட்டும் எதுக்கும்மா?" என்று குழந்தை கேட்டிருக்கிறாள். "இங்கிலீஷ் அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் என்னை அழைத்தாள். "நிஜமாவே காரணம் ஏதாவது இருக்கா சார்?"

இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கு 'ட்வா' என்றொரு வடிவம் இருந்தது. அதில் டபிள்யூ நன்றாகவே ஒலித்தது. காலப்போக்கில் பேச்சில் அந்த ஒலி தேய்ந்துவிட்டது. எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது. வாய் மட்டும் தன் போக்கில் மாறிக்கொண்டே போனது.

'டூ'வில் பேசாத அந்த டபிள்யூ, சொந்தக்காரர்கள் வீட்டில் நன்றாகப் பேசுகிறது. டி-யும் டபிள்யூ-வும் சேர்ந்து வரும் சொற்களைப் பாருங்கள்:

ட்வைஸ் – இரண்டு முறை.
ட்வின் – இரட்டையரில் ஒருவர்.
ட்வென்ட்டி – இரண்டு பத்து.
ட்வெல்வ் – பத்து விரலையும் எண்ணி முடித்த பிறகு 'இரண்டு மிச்சம்' என்பதே இதன் பழைய பொருள்.
ட்வைன் – இரண்டு புரி சேர்த்து முறுக்கிய கயிறு.
பிட்வீன் – இரண்டுக்கும் நடுவில்.
ட்வைலைட் – அந்தி வெளிச்சம். பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல், நம் பாட்டிமார் சொல்லும் 'ரெண்டுங்கெட்டான் நேரம்'.

எழுத்தாளர் மார்க் ட்வைன் பெயரிலும் இதே இரண்டுதான். அவருடைய இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டியவர். ஆற்றின் ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி இருந்தால் படகில் 'மார்க் ட்வைன்' என்று குரல் கொடுப்பார்கள். அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

ஆக, டூ-வில் இருக்கும் டபிள்யூ வேலையில்லாமல் நிற்கவில்லை. 'நானும் இந்தக் குடும்பம்தான்' என்று காட்டும் அடையாளம் அது.

இது நமக்குப் புதிதா என்ன? நாம் 'ரெண்டு' என்கிறோம், 'இரண்டு' என்று எழுதுகிறோம். வாயில் காணாமல் போன அந்த 'இ', இருபது, இருவர், இருநூறு என்று சொன்னால் வந்து நிற்கிறது. குழந்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்ளும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரே இனிஷியல் என்பதால் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட மாட்டார்கள். ட்வீசர்ஸுக்கு இரண்டு கால் இருக்கிறது, ஆனாலும் அது இந்தக் குடும்பம் இல்லை; சிறு பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ட்வீட் என்பது குருவி கத்தும் சத்தம். எழுத்து ஒன்றாக இருந்தால் போதாது, பொருளும் சேர வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? 34 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன் நான். கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிய ஒரு பையன், பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நின்றுபோய், "எனக்கு மண்டையில ஏறாது சார்" என்று சொல்லிவிட்டு லேத் பட்டறைக்குப் போனான். விரும்பிப் போயிருந்தால் மகிழ்ந்திருப்பேன். தனக்கு மூளை இல்லை என்று நம்பிப் போனான். காரணம் கேட்டால் காரியம் ஆகாது என்று சின்ன வயதிலேயே யாரோ அவனுக்குப் புரியவைத்திருந்தார்கள். டபிள்யூ எதற்கு என்று கேட்கும் குழந்தை மக்கு இல்லை. வகுப்பில் யோசித்துக்கொண்டிருப்பதே அந்தக் குழந்தைதான்.

நீங்கள் எல்லாக் காரணமும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. "நல்ல கேள்வி, வா தேடிப் பார்ப்போம்" என்று சொன்னால் போதும். சொல்லின் வரலாறு தரும் நல்ல அகராதிகள் இப்போது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. 'சார், ஒரு டவுட்' என்று கை தூக்குவீர்களே, அந்த 'டவுட்'டிலும் ஒரு பி பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. பிறகு லத்தீன் மூலச் சொல்லைப் பார்த்துப் படித்தவர்கள் சேர்த்தது. அந்த மூலச் சொல்லுக்குள்ளும் 'இரண்டு'தான் இருக்கிறது. நாமும் 'ரெண்டு மனசா இருக்கு' என்கிறோம் அல்லவா?

வீட்டுப்பாடம்: டி-டபிள்யூ குடும்பத்தில் நான் விட்டுவிட்ட ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, பொருளோடு கீழே எழுதுங்கள். பேரன் பேத்திகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இம்போசிஷன் கிடையாது!