கரிசல் காட்டிலிருந்து அலைக்குளம் வரை

பூங்கா என்றால் மலர்கள் நிறைந்த சோலை என்பதே நம் முன்னோர் அறிந்த பொருள். இன்றோ அச்சொல் பல வேடங்கள் புனைந்து நிற்கிறது. விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்தின் பெயர் 2023-ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் இடம்பெற்றதும் ஒரு பூங்காவினால்தான். மைய அரசின் மாபெரும் ஜவுளிப் பூங்காக்களுள் ஒன்று 1,052 ஏக்கர் பரப்பில் அங்கு அமையும் என்ற அறிவிப்பு அவ்வாண்டு வெளிவந்தது. அவ்வூரையும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களையும் சேர்ந்த சில குடும்பங்கள் கோடை விடுமுறையில் வேறொரு வகைப் பூங்காவைக் காணப் புறப்பட்டன. அது நீர்ப்பூங்கா. உடன் செல்லும் வாய்ப்பு நமக்கும் கிட்டியது.

நீரின் அருமை அறிந்த நாடு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பரந்து கிடக்கும் வறண்ட நிலத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாற்றில் மணலே ஓடும். கரிசல் மண் வெடித்து வாய்பிளந்து நிற்கும். பருத்தி, சோளம், மிளகாய் ஆகியவை விளையும் காடுகளுக்கு நடுவே சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கும்.

இந்நிலத்தில் மனிதன் வாழ வழி செய்தவை கண்மாய்களும் ஊருணிகளுமே. தமிழகத்தில் உள்ள ஏரி, கண்மாய்களின் எண்ணிக்கை 39,000-க்கும் மேல் என்று கணக்கிட்டுள்ளனர். கண்மாய் நீர் பயிருக்கு, ஊருணி நீர் குடிப்பதற்கு. கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி என்றொரு காவலர் இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. யார் வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் பாய வேண்டும் என்பதை அவரே முறைப்படுத்துவார். அறுவடைக் களத்தில் அவருக்குரிய தானியத்தை ஊரார் அளந்து கொடுப்பர். ஊருணிக்கோ ஊரே காவல். அதில் குளித்தலும் துணி துவைத்தலும் குற்றம். குடத்துடன் வருபவர் காலைக் கழுவிவிட்டே படியில் இறங்க வேண்டும். பொது நீர் தூய்மையாய் இருக்க வேண்டுமானால் இறங்கும் ஒவ்வொருவரும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதை எழுத்தறியாத நம் பாட்டிமாரும் அறிந்திருந்தனர்.

மலையடிவாரம் நோக்கி

மாலையில் புறப்பட்ட பேருந்து மதுரை, திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவையை அடைந்தது. விடியும் வேளையில் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். பாக்குத் தோப்புகளின் ஈரக்காற்று முகத்தில் பட்டதும் உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் விழித்துக்கொண்டனர். பவானி ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் முதியவர் ஒருவர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "கோடையிலும் தண்ணி ஓடுதே!" என்று வியந்தார். 1908-ஆம் ஆண்டு முதல் உதகை வரை செல்லும் மலை ரயில் புறப்படுவதும் இவ்வூரிலிருந்துதான்.

நகரைத் தாண்டி, நீலகிரியின் அடிவாரத்தில், உதகை சாலையில் பிளாக் தண்டர் நீர்ப்பூங்கா அமைந்துள்ளது. தங்கும் விடுதியும் அதனுடன் உண்டு. பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் ஒருங்கே ஒரு பகலைக் கழிக்கத் தக்க இடம். செயற்கை அலை எழும் குளம், உயரத்திலிருந்து வழுக்கி வரும் சறுக்குகள், சிறுவர்க்கான முழங்காலளவுத் தொட்டிகள் என ஒவ்வொன்றாய்க் கண்டு குழந்தைகள் ஆர்ப்பரித்தனர்.

நீரில் இறங்குமுன் நீர்ப்பூங்காக்கள் பொதுவாக விதிக்கும் கட்டளைகள் இரண்டு. முதலாவது, பருத்தியாடை கூடாது. நைலான் போன்ற இழையாலான குளியலுடையே வேண்டும். "பருத்தி விளைவிக்கும் நம்மிடமே பருத்தி ஆகாது என்கிறார்களே!" என்று ஓர் அம்மையார் முகம் சுளித்தார். காரணம் எளியது. பருத்தித் துணியிலிருந்து உதிரும் நூலிழைகள் வடிகட்டிகளை அடைத்துவிடும். இரண்டாவது, உடலைக் கழுவிய பின்னரே குளத்தில் இறங்க வேண்டும். ஊருணிப் படியில் கால் கழுவிய மக்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அலை எவ்வாறு எழுகிறது?

கடலைக் கண்டிராத சிறுவர்க்கு அலைக்குளமே பெரு வியப்பு. குளத்தின் ஆழமான முனையில், சுவருக்குப் பின்னால் அறைகள் உள்ளன. அவ்வறைகளினுள் விசைக்காற்றூதிகள் காற்றை அழுத்திச் செலுத்துகின்றன. காற்றின் அழுத்தத்தால் அறையிலுள்ள நீர் கீழிறங்கிக் குளத்தினுள் தள்ளப்படுகிறது. காற்றை வெளியேற்றியதும் நீர் மீண்டும் அறைக்குள் ஏறுகிறது. இவ்வாறு மாறி மாறி நிகழ்வதால் அலை பிறக்கிறது. நீரூற்றி நிரப்பிய பித்தளைத் தவலையை அசைத்தால் தளும்புவது போன்றதே இது.

இவ்வளவு நீரையும் நாள்தோறும் புதிதாய் நிரப்புவதாக எண்ண வேண்டா. அதே நீரே பம்புகளால் இழுக்கப்பட்டு, மணல் வடிகட்டிகளில் புகுந்து தெளிந்து, குளோரின் கலந்து மீண்டும் குளத்திற்கு வருகிறது. நீச்சல்குள நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவு குளோரின் இருப்பது வழக்கம். குறைந்தால் நோய்க்கிருமிகள் பெருகும். மிகுந்தால் கண்ணும் தோலும் எரியும். ஆகவே பணியாளர்கள் நீரை எடுத்து அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். நாம் சிரித்து மகிழும் ஒவ்வொரு மணித்துளியிலும் நம் கண்ணுக்குத் தெரியாமல் சிலர் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உயர் நாற்காலியில் ஒரு காவலர்

கண்ணுக்குத் தெரியும் உழைப்பாளி உயிர்காப்பாளர். நண்பகல் உணவுக்குப்பின் அத்தொழிலில் உள்ள ஓர் இளைஞருடன் உரையாட நேர்ந்தது. கமுதிப் பக்கத்தவர் என்றறிந்ததும் நம் கூட்டத்தார் உறவினரைக் கண்டாற்போல் சூழ்ந்துகொண்டனர்.

"நீச்சல் எங்கே கற்றீர்கள், தம்பி?" என்று கேட்டோம்.

"எங்க ஊர்க் கிணற்றில்தான், ஐயா. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி அப்பா இறக்கிவிட்டார். இப்போது ஆழ்துளைக் கிணறு வந்தபின் அந்தக் கிணறு தூர்ந்து கிடக்கிறது. என் தம்பிக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

வளைகுடா நாடொன்றின் நீர்ப்பூங்காவில் முன்பு பணிபுரிந்ததைப் பற்றிப் பின்னர் கூறினார். இடுப்பளவு நீரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மூழ்கிக்கொண்டிருந்தாளாம். தாய் மூன்றடி தூரத்தில்தான் நின்றார். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்த அவருக்கு எதுவுமே தெரியவில்லை. "அந்தக் குழந்தை கத்தவில்லை, ஐயா. கையைத் தூக்கிக் கூப்பிடவும் இல்லை. முகம் வானத்தைப் பார்த்தபடி வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போயிற்று. விளையாடுகிறாள் என்றே யாரும் நினைப்பார்கள்." அவர் குதித்துத் தூக்கினார். குழந்தை பிழைத்தது.

இது உலகம் நன்கு அறிய வேண்டிய உண்மை. நியூயார்க் நகரின் ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காப்பாளராய் இருந்த ஃபிராங்க் பியா என்பவர், நீரில் தத்தளிப்போரைத் திரைப்படமாக எடுத்து ஆராய்ந்து இதனை விளக்கினார். மூழ்குபவர் மூச்சுக்கே போராடுவதால் கூவ இயலாது. கைகள் தாமாகவே நீரை அழுத்துமேயன்றி, அழைத்துக் காட்டா. இப்போராட்டம் 20 முதல் 60 நொடிகளுக்குள் முடிந்துவிடும். ஆகவேதான் ஆபத்தை 10 நொடிகளுக்குள் கண்டறிந்து, அடுத்த 20 நொடிகளுக்குள் சென்றடைய வேண்டும் என்ற நியதியை நீர்ப்பூங்காக் காவலர் பலருக்குக் கற்பிக்கின்றனர். கண் சோர்ந்துவிடாதிருக்க அவர்களை அடிக்கடி இடம் மாற்றி அமர்த்துகின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "அப்படின்னா நீயும் ஒரு நீர்ப்பாய்ச்சிதான்யா. அவரு பயிரைக் காத்தாரு, நீ பிள்ளைகளைக் காக்கிறே" என்றார். இளைஞர் நாணத்துடன் தலைகுனிந்தார்.

குளிர்நாட்டுக் கூரைக்குள்ளே

நீர்ப்பூங்கா என்னும் கருத்து அமெரிக்காவில் தழைத்தது. ஜார்ஜ் மில்லே என்பவர் 1977-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் திறந்த பூங்காவே இவ்வகைக்கு முன்னோடி என்பர். ஆனால் உறைபனி நாடுகளில் திறந்தவெளிக் குளம் சில மாதங்களுக்கே பயன்படும். எனவே அங்குள்ளோர் கூரையின் கீழ் கோடையைப் படைத்தனர். கனடாவின் எட்மண்டன் நகரில் மாபெரும் அங்காடி ஒன்றினுள் 1986-இல் உள்ளரங்க நீர்ப்பூங்கா திறக்கப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸ் என்ற சிற்றூரில் 1990-களில் விடுதியும் உள்ளரங்க நீர்ப்பூங்காவும் இணைந்த அமைப்புகள் பெருகின. வெளியே பனி கொட்டும். உள்ளே குடும்பங்கள் நீச்சலுடையில் உலவும். வெளிநாட்டு மாணவர்கள் பலர் விடுமுறைக் காலத்தில் அவ்வூருக்குச் சென்று பணிபுரிகின்றனர்.

கூரை ஓர் ஆபத்தையும் உடன் கொணர்ந்தது. குளிப்போரின் வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேரும்போது குளோரமைன் என்னும் பொருள் உண்டாகிறது. நீச்சல்குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுவே. "மருந்து நன்றாகப் போட்டிருக்கிறார்கள்" என்று அந்நெடியை மெச்சுவோர் உண்டு. உண்மையில் அது நீர் அழுக்கடைந்ததன் அறிகுறி. திறந்தவெளியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். மூடிய கூடத்திலோ அது நீர்ப்பரப்பின் மேலேயே தேங்கி நிற்கும். 2007-இல் ஓஹையோ மாநிலத்தில் உள்ளரங்க நீர்ப்பூங்கா விடுதி ஒன்றின் உயிர்காப்பாளர்கள் இருமல், மூச்சிரைப்பு, கண்ணெரிச்சல் ஆகியவற்றால் துன்புற்றதை அரசின் தொழில்நல ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். குளக்கரை மட்டத்தில் காற்றோட்டம் போதாமையும் ஆய்வில் சுட்டப்பட்டது.

விருந்தினர் சில மணி நேரத்தில் உடைமாற்றிச் சென்றுவிடுவர். பணியாளரோ பொழுது முழுதும் அக்காற்றையே சுவாசிக்க வேண்டும். குளத்தில் ஒருவர் காட்டும் சிறு சோம்பல், மற்றொருவர் நெஞ்சில் நோயாய்ப் போய்த் தங்குகிறது! ஆதலின் இத்தகைய இடங்களுக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, நன்கு குளிப்பாட்டிய பின்னரே நீரில் இறக்குவார்களாக. அது நாற்காலியில் அமர்ந்திருக்கும் அயலார் வீட்டுப் பிள்ளைக்கு நாம் செய்யும் கைம்மாறு.

நம் கண்மாய்க்கு யார் காவல்?

கட்டணம் செலுத்தும் குளத்திற்குக் காவலர் உண்டு. நம் ஊர்க் கண்மாய்க்கு? உலக நல நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக 2021-இல் அறிவித்தது இதனாலேயே.

வறண்ட நாட்டில் இவ்வாபத்து குறைவு என்று கருதலாகாது. ஆண்டு முழுதும் நீரையே காணாத பிள்ளை, மழை பெய்து கண்மாய் நிறைந்த அன்று ஆவலோடு இறங்குகிறான். மண் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. தந்தை கற்ற கிணறு தூர்ந்துவிட்டதால் மகனுக்கு நீச்சல் தெரியாது. மகளுக்கோ பெரும்பாலும் அன்றும் கற்பிக்கவில்லை, இன்றும் கற்பிப்பதில்லை.

பங்களாதேசத்தில் சிற்றூர்க் குளங்களிலேயே மூங்கிலால் மேடை அமைத்து, அதன் எல்லைக்குள் சிறுவர் சிறுமியர்க்கு நீச்சல் கற்பிக்கின்றனர். பள்ளி செல்லா மழலையரைத் தாய்மார் வேலை செய்யும் நேரத்தில் ஓரிடத்தில் கூட்டிவைத்துப் பேணுகின்றனர். பெருஞ்செல்வம் வேண்டாத இம்முறைகளால் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. மூங்கிலும் கயிறும் நம் ஊரிலும் கிடைக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. குழந்தைகள் நீரில் இருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் வேறு வேலையின்றி அவர்களையே பார்த்திருக்க வேண்டும். "எல்லாரும் இருக்கிறோமே" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றே பொருள். மூழ்குபவரைக் காக்க நீச்சலறியாதவர் குதித்தல் ஆகாது. வேட்டி, புடவை, கயிறு, மூடியிட்ட காலி பிளாஸ்டிக் குடம், எது கையில் கிடைத்தாலும் வீச வேண்டும். கரை சேர்த்தவரைத் தலைகீழாய்த் தூக்குவதும், சுழற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லையேல் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

மாலையில் பேருந்து கிளம்பியபோது, நம் கூட்டத்துப் பெற்றோர் மூவர் பின்னிருக்கையில் அமர்ந்து பேசிக்கொண்டு வந்தனர். வரும் ஐப்பசியில் கண்மாய் பெருகினால் கரையோரம் எந்த இடம் ஆழமற்றது, எவருடைய தோப்பில் மூங்கில் கேட்கலாம், பெண்பிள்ளைகளுக்குக் கற்றுத்தர யாரை அழைக்கலாம் என்பனவே அவர்கள் பேச்சு. திண்டுக்கல் வரும் வரை அப்பேச்சு ஓயவில்லை.