வரக்காப்பி நிறம்

எங்கப்பாவுக்கு வயசு 72. கிணத்துக்கடவுப் பக்கம் எங்க தென்னந்தோப்புல இன்னைக்கும் பிஏபி வாய்க்கால் தண்ணி வந்தா, மடை திருப்ப மம்பட்டியோட முதல்ல நிக்கிறது அவர்தான். மூணு வருசத்துக்கு முந்தி நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சதுல இருந்து, ராத்திரி கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் மாத்திரை ஒண்ணு சாப்பிடுவார். ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

போன கார்த்திகையில் சளி, தொண்டைக்கட்டு. டவுன்ல ஒரு மருந்துக்கடையில் கேட்டு நானே கிளாரித்ரோமைசின் வாங்கியாந்தேன். வேற என்ன மாத்திரை சாப்பிடறார்னு கடையிலும் கேக்கலை, நானும் சொல்லலை.

நாலாம் நாள் கட்டல்ல இருந்து எந்திரிக்க முடியலை. "தேங்கா பொறுக்கிப் போட்டதுல புடிச்சிருக்கும் கண்ணு"ன்னார். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தொடையில தேய்ச்சுவிட்டாங்க. ஆறாம் நாள் பொழுதோட, "ஒண்ணுக்கு வரக்காப்பியாட்டம் போகுது. சூடுதான், ரெண்டு எளநி வெட்டு"ன்னார். வெட்டிக் குடுத்துட்டு நான் தூங்கப் போயிட்டேன்.

விடிஞ்சதும் கோயமுத்தூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். 200க்குள்ள இருக்க வேண்டிய சிகே அளவு 40,000த்தைத் தாண்டியிருந்தது. ராப்டோமயோலிசிஸ்னு சொன்னாங்க. அடோர்வாஸ்டாடினை ஈரல்தான் சிதைச்சு வெளியேத்தும். கிளாரித்ரோமைசின் அந்த வேலையைத் தடுக்கும். மாத்திரை ரத்தத்துல சேர்ந்துக்கிட்டே போய், சதை உடைஞ்சு, அதுல இருக்கற புரதம் கிட்னியை அடைக்குது. வரக்காப்பி நிறம் அதுதான். எளநி குடுத்தேன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எளநியில பொட்டாசியம் அதிகம். கிட்னி ஓயற நேரத்துல அது ஏறினா இதயமே நின்னு போகலாமாம்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, பாட்டில் பாட்டிலா சலைன். டயாலிசிஸ் வரைக்கும் போகலை, தப்பிச்சார். ரெண்டு மருந்தை ஒரே டேங்க்ல கலந்து அடிக்கறதுக்கு முன்னாடி, இலை கருகுமான்னு நாலு பேர்கிட்டக் கேக்கறவன் நான். பெத்த அப்பன் உடம்புக்கு அதைக் கேக்கத் தோணலையே!

கதை இதோட முடியலைங்க. ஊர்ல எல்லார்கிட்டயும் இதைச் சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு விசேஷத்துல பார்த்தா, அதே மாதிரி ஸ்டென்ட் வெச்ச எங்க மாமா ஒருத்தர், "உங்கப்பனுக்கு ஆனதைக் கேட்டதுல இருந்து அந்த மாத்திரையைத் தொடறதில்லை மாப்பிள்ளை"ங்கறார். எனக்குச் சோறு எறங்கலை. மறுநாளே கூட்டிட்டுப் போய் டாக்டர் முன்னாடி உக்கார வெச்சேன்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். இந்த வகை மருந்தை 1973ல பூஞ்சணத்துல இருந்து முதல்ல கண்டுபிடிச்ச அகிரா எண்டோ, ஜப்பான்ல ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். செரிவாஸ்டாடின்னு ஒரு மாத்திரை இதே சதைக் கேட்டால 2001ல சந்தையை விட்டே போச்சு. இப்ப இருக்கற மாத்திரைகள்ல இந்த அளவுக்குப் போறது ஆயிரத்துல ஒருத்தருக்கும் குறைவு. சும்மா வர்ற மேல்வலி வேற சங்கதி. லண்டன்ல 2020ல வந்த ஒரு ஆய்வுல, பக்கவிளைவுன்னு மாத்திரையை நிறுத்தின 60 பேருக்கு ஒரு மாசம் அசலு, ஒரு மாசம் போலின்னு மாத்தி மாத்திக் குடுத்துப் பார்த்திருக்காங்க. அசல்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் போலியிலயும் வந்திருக்கு. ஆனா மாரடைப்பு போலி இல்லைங்களே.

அதனால நீங்களா நிறுத்தாதீங்க. புதுசா எந்த மாத்திரை வாங்கினாலும் பழைய சீட்டைக் காட்டுங்க. எந்திரிக்க முடியாத சதை வலியோட ஒண்ணுக்கு நிறம் கறுத்தா, அன்னைக்கு ராத்திரியே கிளம்புங்க. விடியட்டும்னு இருக்காதீங்க.

அப்பாவுக்கு சில மாசம் விட்டு, சிகே பார்த்து, வேற ஸ்டாடின் கம்மியா ஆரம்பிச்சிருக்காங்க. மாத்திரைப் பேரெல்லாம் எழுதி காலண்டர் பக்கத்துல ஒட்டியிருக்கேன். நேத்து வாய்க்கால்ல தண்ணி விட்டாங்க. மம்பட்டியை ஒளிச்சு வெச்சிருந்தேன். எப்படியோ கண்டுபிடிச்சுட்டார்.