பேரன் தீவு

எம் ஊர்ச் சிறுவர்க்கு மலை என்றால் அது மேற்கே இருப்பது, குளிர்ந்திருப்பது, மழை தருவது. புளியங்குடியின் குளங்கள் நிறைவதும் எலுமிச்சைத் தோட்டங்கள் தழைப்பதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடையாலேயே ஆகும். நெருப்பைக் கக்கும் மலைகளும் உலகில் உண்டு என்பதை யாம் பாடநூலில் படித்திருந்தோம். அத்தகைய மலையொன்று நம் நாட்டின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்பதை எமக்கு முதன்முதலில் சொன்னவர் எம் வாப்பா. யாம் அதை நம்பவில்லை. நம்பாத அம்மலையை 33 ஆண்டுகள் கழித்துக் கண்டு வந்த செய்தியை இம்மலரில் பதிவு செய்ய விழைகின்றோம்.

வாப்பா அந்தமானில், போர்ட் பிளேயர் நகரின் அபர்தீன் கடைவீதியில், ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார்கள். திங்கள்தோறும் ஓர் இன்லண்டுக் கடிதம் வரும். குடும்பச் செய்திகள் எல்லாம் உம்மாவுக்கு. மடிப்பின் ஓரத்தில் நான்கைந்து வரிகள் எமக்கு. 1991ஆம் ஆண்டில் வந்த ஒரு கடிதத்தின் ஓரத்தில், 'பேரன் தீவு' என்றொரு தீவு இருப்பதாகவும், நூறாண்டுகளுக்கு மேல் உறங்கிக்கிடந்த அதன் மலை விழித்து நெருப்பைக் கக்குவதாகவும், கப்பலில் வந்தவர்கள் கண்டு சொன்னதாகவும் எழுதியிருந்தார்கள்.

அப்போது எமக்கு வயது பதினொன்று. மறுநாள் வகுப்பில் பெருமிதத்தோடு அச்செய்தியைச் சொன்னோம். ஆசிரியர் சிரித்தார். எரிமலை ஜப்பானில் உண்டு, இத்தாலியில் உண்டு, இந்தியாவில் இல்லை என்றார். பேரன் தீவு இருந்தால் பாட்டன் தீவும் இருக்குமோ என்று அவர் கேட்டபோது வகுப்பே சிரித்தது. அச்சிரிப்பின் வெப்பத்தை எம்மால் தாங்க இயலவில்லை. அன்று மாலையே, இனிமேல் இப்படிக் கதை அளக்க வேண்டாம் என்று வாப்பாவுக்குக் கடிதம் எழுதினோம். அடுத்த கடிதத்தில் எமக்கான வரிகள் வழக்கம்போல் இருந்தன. அவற்றில் தீவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன்பின் எந்நாளும் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கல்லூரிக்கு வந்த பிறகே உண்மை தெரிந்தது. ஆங்கிலத்தில் அத்தீவின் பெயர் பாரன். தரிசு என்று பொருள். அச்சொல்லைத்தான் வாப்பா தம் காதில் விழுந்தவாறு 'பேரன்' என்று எழுதியிருந்தார்கள். தெரிந்த பிறகாவது யாம் சொல்லியிருக்கலாம். வெட்கம் தடுத்தது, பிறகு மறதி வந்தது. 2014இல் வாப்பா வஃபாத்தானார்கள். அவர்களின் தகரப் பெட்டியைத் திறந்தபோது, பழைய ரசீதுகளுக்கு இடையே, கதை அளக்க வேண்டாம் என்று யாம் எழுதிய கடிதம் பத்திரமாக இருந்தது.

அன்று எழுந்த எண்ணம் 2025 ஜனவரியில்தான் கைகூடியது. யாமும் எம் இளவலும் சென்னையிலிருந்து புறப்பட்டோம். வாப்பா மூன்று நாள் கப்பலில் கடந்த கடலை வானூர்தியில் இரண்டரை மணி நேரத்திற்குள் கடந்தோம். 2024 செப்டம்பர் முதல் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்பது பெயர். அங்கிருந்து ஏறத்தாழ 135 கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கிறது பாரன் தீவு. கரையில் இறங்க இசைவில்லை. கலத்தில் இருந்தவாறே சுற்றிப் பார்க்கலாம். உரிய அனுமதி பெற்ற படகொன்றில் இடம் கிடைத்தது. இரவெல்லாம் அலைகளோடு போராடினோம். இளவலுக்கு வாந்தி நிற்கவில்லை. மேல்தளத்தில் சுபுஹுத் தொழுகையை முடித்து எழுந்தபோது, விடியலின் சாம்பல் வெளிச்சத்தில் கரியதோர் உருவம் கடலிலிருந்து எழுந்து நின்றது.

சுமார் மூன்று கிலோமீட்டர் அகலமே உடைய சிறு தீவு அது. உயரம் ஏறத்தாழ 350 மீட்டர். நம் ஊர் மலையோடு ஒப்பிட்டால் குன்று எனலாம். எனினும் கண்ணுக்குத் தெரிவது முடி மட்டுமே. அதன் அடி கடலுக்குள் ஈராயிரம் மீட்டருக்கும் கீழே இருக்கிறது. படகு மெல்லச் சுற்றி வந்தது. ஒரு பக்கம் செங்குத்தான சரிவுகளில் பச்சை மரங்கள். அவற்றின் மேல் பறவைகள். மேற்கே வந்ததும் மதில் உடைந்த கோட்டைபோல மலைவட்டம் திறந்திருந்தது. உள்ளே சாம்பல் நிறக் கூம்பு. அதன் உச்சியில் மெல்லிய வெண்புகை. அங்கிருந்து கடல்வரை உறைந்து கிடந்த கருங்குழம்பு. தரிசு என்பது அதன் பாதிப் பெயருக்குத்தான் பொருந்தும். சென்ற நூற்றாண்டுகளில் கப்பலில் வந்தோர் விட்டுச்சென்ற ஆடுகள்கூட அங்கே காட்டு விலங்காகிப் பெருகியதாகப் படித்துள்ளோம்.

மலையும் கடலும் வெம்மையும் ஓரிடத்தில் கூடிய அக்காட்சியைக் குறிஞ்சி என்பதா, நெய்தல் என்பதா, பாலை என்பதா? இலக்கணம் பயிற்றும் எமக்கு விடை தோன்றவில்லை.

அறிவியலார் கூறும் காரணம் தெளிவானது. இந்தியப் புவித்தட்டு அங்கே கிழக்கிலுள்ள தட்டின் கீழ் அமிழ்கிறது. அமிழும் பாறையிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகிய குழம்பு மேலேறி மலையாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலையும் இத்தட்டு எல்லையில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்ததே. 1787இல் இம்மலை நெருப்புக் கக்கியது ஏட்டில் பதிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிய அது 1991இல் விழித்தது. வாப்பா எழுதியதில் ஓர் எழுத்தன்றி வேறு பிழை இல்லை.

படகு இரண்டாம் முறை சுற்றியபோது இளவல், "காக்கா, வாப்பா இதைக் கண்ணால் பார்த்தார்களா?" என்று கேட்டான். இல்லை என்றோம். அத்துணை ஆண்டுகள் அங்கே உழைத்தவர்கள் அதைக் காணக் காசும் ஓய்வும் பெற்றதில்லை. கேட்ட செய்தியை மகனுக்கு மகிழ்வோடு அனுப்பினார்கள், அவ்வளவே. யாம் புகையை நோக்கி நின்றோம். வாப்பாவுக்காக துஆச் செய்தோம். வேறு பேசவில்லை.

2025 செப்டம்பரில் அம்மலை மீண்டும் சீறியதாகச் செய்தி வந்தது. வகுப்பில் அதைச் சொல்லி, எம் கடிதத்தின் கதையையும் சொன்னோம். மாணவச் செல்வங்களே, நும் வீட்டில் படிப்புக் குறைந்த ஒருவர் புதுச்செய்தி ஒன்றைத் தம் காதில் விழுந்த உச்சரிப்பில் சொல்லக்கூடும். சிரிக்குமுன் விசாரியுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் எமக்கும் இதையே சொல்லிக்கொள்கின்றோம். மாணவர் ஒருவர் யாம் கேள்விப்படாத ஒன்றைக் கூறும்போது, இல்லை என்று இப்போதெல்லாம் உடனே மறுப்பதில்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று கூறிவிட்டு நூலகத்திற்குச் செல்கின்றோம்.