கோடையில் தெரியாத கடற்கரை

போர்தோவிலிருந்து புறப்படும் ரயில் மார்கோ, போயாக் என்று ஒயின் புட்டிகளில் மட்டுமே படித்திருந்த பெயர்களில் எல்லாம் நின்று நின்று போகிறது. ஜனவரியில் திராட்சைத் தோட்டங்களில் பேருக்கு ஓர் இலை கிடையாது. கருத்த முண்டுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. குனிந்து கொடி நறுக்குகிறவர்கள் ரயிலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. லெஸ்பார் தாண்டினால் தோட்டம் முடிந்து பைன் காடு. மண் வெளுத்து மணலாகிறது. இரண்டு மணி நேரத்தில் சூலாக்-சுர்-மேர். என்னோடு இறங்கியவர்கள் மூன்று பேர், ஒரு நாயைச் சேர்த்து.

இந்த ஊருக்கு நான் குளிர்காலத்தில் மட்டும்தான் போயிருக்கிறேன். 2013, 2015, 2024 என்று மூன்று தடவை. முதல் தடவை போனது ரசனையால் அல்ல, அறை வாடகை மலிவு என்பதால். ஜிரோந்த் கழிமுகமும் அட்லாண்டிக்கும் சேரும் முனைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ஊர் இது. நிரந்தரமாக வசிப்பவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. கோடையில் நிரம்பி வழியும். குளிரில் சிவப்புச் செங்கல் விளிம்பு வைத்த பழைய வில்லாக்கள் ஜன்னல் பலகைகளை இழுத்துச் சாத்திக்கொண்டு தூங்கும். ஒவ்வொரு வில்லாவுக்கும் ஒரு பெயர் உண்டு, நெற்றியில் எழுதியிருக்கும். ஆள் இல்லாத தெருவில் பெயர்களை மட்டும் வாசித்துக்கொண்டு நடப்பது, விருந்தினர் எல்லோரும் போய்விட்ட கல்யாண மண்டபத்தில் மொய்ப் பட்டியல் வாசிப்பது மாதிரி. ரொட்டிக்கடையும் மருந்துக்கடையும் புகையிலைக்கடையும் திறந்திருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

முதல் நாள் காலையிலேயே மழைச்சட்டை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கோடைப் படங்களில் பார்த்திருந்த அகலமான மணல் அங்கே இல்லை. மணல்மேட்டின் அடிவாரம் கத்தியால் அரிந்த கேக் போலச் செங்குத்தாக நின்றது. மேட்டுப் புல்லின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. குளிர்காலத்தின் உயர்ந்த அலைகள் கரை மணலை அள்ளிக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் நீருக்கடியில் திட்டாகப் போட்டு வைக்கும். கோடையின் சாதுவான அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். கொண்டுபோனது அத்தனையும் திரும்பி வந்தால் பிரச்சினையே இல்லை. வருவதில்லை. ஜிரோந்த் மாவட்டக் கடலோரம் சராசரியாக ஆண்டுக்கு 2.5 மீட்டர் பின்வாங்குகிறது. ஆனால் ஜூலையில் துண்டை விரித்துப் படுப்பவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அவர் பார்ப்பது ஒப்பனை முடிந்த முகம். வீடு வாங்குபவர்கள் பெரும்பாலும் ஜூலையில்தான் வருகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் தெற்கே, மேட்டின் மேல், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. பெயர் ‘ல சின்யால்’. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டில் கிடத்திய தீப்பெட்டி. 1960-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கினார்கள். 78 வீடுகள். அப்போது கடல் ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளி இருந்தது. ஓய்வூதியத்துக்குக் காத்திருந்த நடுத்தர வர்க்கத்தினர், சேமிப்பைப் போட்டு வாங்கிய பால்கனிகள் அவை. 2013-இல் நான் பார்த்தபோது அந்தப் பால்கனிகளில் இரண்டு மூன்றில் பூந்தொட்டிகள் இருந்தன. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த குளிர்காலம் புயல்மேல் புயலாக வந்தது. சில இடங்களில் ஒரே பருவத்தில் 20 மீட்டருக்கும் மேல் கரை போயிற்று. 2014 ஜனவரியில் ஆணை பிறந்தது: எல்லோரும் வெளியேற வேண்டும். 2015-இல் நான் மறுபடி போனபோது சுற்றிலும் கம்பிவேலி. பூந்தொட்டிகள் இல்லை. கீழ்த்தளச் சுவரில் பையன்கள் வண்ணத்தில் கிறுக்கியிருந்தார்கள். அந்தப் போர்வைக்காரர் எங்கே போயிருப்பார் என்று விசாரிக்கத் தோன்றியது. யாரிடம், எந்த முகத்தோடு விசாரிப்பது?

அதற்குப் பிறகு நடந்தது ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு. பிரான்சில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. இயற்கை அபாயத்தில் உயிருக்கு ஆபத்து என்றால், வீட்டைக் கையகப்படுத்தி இழப்பீடு தரும் நிதி அதன் வழியாக ஏற்பட்டது. நிலச்சரிவு அதில் சேரும், பனிச்சரிவு சேரும், கடல் நீர் ஊருக்குள் புகுவதும் சேரும். கரை அரிப்பு? பட்டியலில் இல்லை. அது மெதுவாக நடக்கிறது, முன்கூட்டியே தெரியும், ஆகவே அந்தச் சட்டம் சொல்லும் அபாயம் அல்ல என்பது வாதம். 2018-இல் அரசியலமைப்புக் கவுன்சில் வரை போயும் வீட்டுக்காரர்கள் தோற்றார்கள். கட்டடம் ஒரே இரவில் விழுந்திருந்தால் பேரிடர். ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டதால் கவனக்குறைவு. நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை. சட்டத்தில் இருப்பதை வாசித்தார்கள். ஆனால் ஒரு மனிதரின் சேமிப்பைக் கடல் தவணை முறையில் எடுத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியில் நாடாளுமன்றம் தனியாக 70 லட்சம் யூரோ ஒதுக்கியது. 2020-இல் ஒப்பந்தமாயிற்று. 2023 பிப்ரவரியில் இடிப்பு தொடங்கியது.

2024 ஜனவரியில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே சிரமப்பட்டேன். சீராக்கிய மணல், அதைப் பிடித்துவைக்க நட்ட புல். கட்டடம் இருந்தபோது அதன் பின்பக்கம் காற்று படாது, அங்கே நின்று கைகளைத் தேய்த்துக்கொள்ளலாம். இப்போது காற்று நேரே வந்து காதைத் திருகியது. கட்டடம் இல்லை என்பதை எனக்கு முதலில் சொன்னது அந்தக் காற்றுதான்.

நான் தங்கிய விடுதி அம்மையார் அதைக் கடைசிவரை “அந்தப் பெட்டி” என்றுதான் சொன்னார். “போனது நல்லதுதான், அசிங்கமாக இருந்தது” என்றவர், காப்பியை வைத்துவிட்டு, “என் தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் பின்னால் அதுதான் நிற்கிறது” என்றார்.

மழை வலுத்தால் ஒதுங்க ஊர் நடுவே பசிலிக்கா இருக்கிறது. ‘நிலத்தின் எல்லையில் உள்ள அன்னை’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சந்தியாகோ யாத்திரைப் பாதையின் ஒரு பகுதியாக 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போகப் படியேறக் கூடாது, இறங்க வேண்டும். காரணம் மணல். 18-ஆம் நூற்றாண்டில் காற்று அள்ளிவந்த மணல் இந்தக் கோயிலை ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டது. ஊரே கைவிட்டுப் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தோண்டி எடுத்தார்கள். மணலை ஓடவிடாமல் கட்டிப்போடத்தான் அந்தக் காலத்தில் இந்தக் கடலோரம் நெடுக பைன் காடு வளர்த்தார்கள். மணல் கூடிப்போய் ஊரைப் பறிகொடுத்தவர்களின் சந்ததி, இப்போது மணல் போதாமல் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறது. ரோமனெஸ்க் தூண்களைப் பார்க்க வந்த நான், அரை மணி நேரம் அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஓதம் வற்றியிருந்த நேரம் பார்த்து லாமெலி வரை நடந்தேன். வழியில் ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப்போரில் கட்டிய கான்கிரீட் பங்கர்கள். மேட்டின் மேல் கட்டியவை சில, இன்று அலைக்குள் தலைகுப்புறக் கிடக்கின்றன. இந்த முனையில் 1945 ஏப்ரல் வரை சண்டை நடந்தது. படையால் நகர்த்த முடியாததைக் கடல் நிதானமாக உருட்டியிருக்கிறது. லாமெலி கரையில்தான் 1989-இல் கோல் இனத்தாரின் படைச்சின்னமான உலோகக் காட்டுப்பன்றி ஒன்று கிடைத்தது. அரிப்பு எடுப்பதோடு நிற்பதில்லை, எப்போதாவது ஒன்றைத் துப்பவும் செய்கிறது. நானும் குனிந்து குனிந்து தேடினேன். கிடைத்தவை ஒரு கணவாய் ஓடும், இடது கால் செருப்பும்.

இருட்டியபின் வடமேற்கே கோர்துவான் கலங்கரை விளக்கத்தின் ஒளி விட்டு விட்டுத் தெரிந்தது. 1611-இல் கட்டி முடித்தது. கடலுக்கு நடுவே தனியாக நிற்கிறது. அலை அதையும் விடாமல் அரிக்கிறது. ஆனால் அதைக் காக்க யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் கடைத்தெருவில் ஒரு வீட்டுத் தரகர் கடையின் கண்ணாடி முன்னால் நின்றேன். பால்கனியில் வெயில் காயும் படம், நீல வானம், ஜூலை. ‘கடலிலிருந்து 300 மீட்டர்’ என்று கொட்டை எழுத்தில். என் மனம் தானாக 2.5-ஆல் வகுத்தது: 120 ஆண்டு. பரவாயில்லையே என்று நினைக்கும்போதே, 200 மீட்டருக்கு ஐம்பது ஆண்டுகூடப் பிடிக்கவில்லையே என்று இன்னொரு கணக்கு குறுக்கே வந்தது. விளம்பரத்தின் அடியில், 2023 முதல் சட்டம் கட்டாயமாக்கிய பொடி எழுத்து வரி. இந்தச் சொத்து எதிர்கொள்ளும் அபாயங்கள் பற்றிய விவரங்களை அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாமாம். மூக்குக் கண்ணாடியில் மழைத்துளி. துடைத்துவிட்டு ‘அபாயங்கள்’ என்ற சொல்லை இன்னொரு முறை படித்தேன்.