விலையும் பேணலும்

பந்தய மிதிவண்டி வாங்கப் புகும் இளைஞர் பலர், விலைமிக்க கியர் மாற்றியே சிறந்தது என நம்புகின்றனர். எளிய வகையை எள்ளுவோரும் உளர். இக்கருத்து ஆராயத்தக்கது.

ஜப்பானின் சக்காய் நகரில் 1921ஆம் ஆண்டு தோன்றிய ஷிமானோ நிறுவனத்தின் படைப்புகளையே சான்றாகக் கொள்வோம். தொடக்க நிலையினர்க்கென 2017இல் அது அளித்த கிளாரிஸ் வகையில் பின்சக்கரத்துப் பற்சக்கரங்கள் 8. கியரை மாற்றுவது கம்பி. உச்ச நிலையினதாக 2021இல் வெளிவந்த டுரா-ஏஸ் வகையில் அவை 12, மாற்றுவது மின்விசை. எடைக் குறைவும், படிகளுக்கிடையே உள்ள சிறு வேறுபாடும் பந்தய வீரர்க்குப் பயன் தருவன. இதனை மறுப்பார் இலர்.

ஆயினும், ஒரு சொடுக்குக்கு ஒரு படியாகக் கியர் மாறும் முறையை ஷிமானோ 1984இல் டுரா-ஏஸில்தான் புகுத்தியது. பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் அமைப்பும் 1990இல் அவ்வகையிலேயே வந்தது. அன்று உச்ச நிலைக்குரியனவாக இருந்த அவ்விரண்டும் பின்னர்க் கிளாரிஸிலும் இடம்பெற்றன. நேற்றைய அருமை இன்றைய எளிமையாயிற்று.

சங்கிலி தேய்ந்தாலோ, மாற்றியைத் தாங்கும் கொக்கி வளைந்தாலோ டுரா-ஏஸும் தடுமாறும். கம்பியின் இழுப்பைச் செம்மை செய்து, துருவேறாமல் காத்தால் கிளாரிஸும் பிழையின்றி மாறும். ஆதலின், பொருள் குறைந்த மாணவன் தன் எளிய வண்டிக்காக நாண வேண்டுவதில்லை. வாங்கும் ஆற்றல் சிலர்க்கே உரியது. பேணும் அறிவோ கற்பார் அனைவர்க்கும் உரியது.