கரையேறிய பிறகு

திருமழிசையில் குடியிருப்பவர்களுக்கு, நீரில் விட்டது திரும்பி வந்த கதை புதிதன்று. திருமழிசையாழ்வார் தம் ஓலைகளைக் காவிரியில் எறிந்தார் என்றும், அவற்றுள் நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் நீரோட்டத்தை எதிர்த்து வந்து கரை சேர்ந்தன என்றும் வைணவ மரபு கூறும். ஏட்டுச்சுவடிகளோடு சிறிது பழக்கமுள்ள நமக்கு, இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் ஓர் உலகியல் ஐயம் எழுவதுண்டு. நனைந்த ஏடுகளை எடுத்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? நனைந்த ஓலையை வெயிலில் இட்டால் சுருண்டு வெடிக்கும். கட்டி மூலையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இறையருளால் மீண்டவற்றுக்கு இக்கவலை இல்லாதிருக்கலாம். மனிதர் கைகளால் மீட்கப்படும் எதற்கும் இக்கவலை உண்டு.

இந்த ஐயத்தை நமக்கு வேறொரு வடிவில் விளக்கியது ஒரு விமானம். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு விமானத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கட்டுரையின் முடிவுக்குள் அதற்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டுகள் இருக்கின்றன. ஓயாமல் இடம் மாறும் மணல் அது. இன்று ஒன்றை மூடும், பல்லாண்டுகள் கழித்துத் திறக்கும். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், எசெக்ஸ் பகுதியின் விமானத் தளங்களைத் தாக்க வந்த ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, பிரித்தானிய விமானப் படையின் 264ஆம் அணியால் சுடப்பட்டு அங்கே கடலில் இறங்கியது. டோர்னியர் 17 என்பது அதன் வகை. அதிலிருந்த நால்வரில் இருவர் உயிர் பிழைத்துச் சிறைப்பட்டனர். மற்ற இருவரின் உடல்கள் பின்னர்க் கரை ஒதுங்கின. விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து, சுமார் 15 மீட்டர் ஆழத்தில் மணலுக்குள் புதைந்தது.

அவ்வகை விமானங்கள் ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டவை. போர் முடிந்தபின் எஞ்சியவை உலோகத்துக்காக உருக்கப்பட்டன. ஏறக்குறைய முழு உருவத்தோடு உலகில் மிஞ்சியது கடலுக்குள் கிடந்த இந்த ஒன்றுதான். நிலத்தில் இருந்தவற்றை மனிதர் அழித்தனர்; எவரும் தொட முடியாத இடத்தில் கிடந்தது தப்பியது. மணல் விலகியபின் 2008இல் அது அடையாளம் காணப்பட்டது. ஒலியலைக் கருவிகளால் படம் எடுத்துப் பார்த்தபோது இறக்கைகளும் உடலும் ஒன்றாகவே இருப்பது தெரிந்தது. ஆயினும் மணல் விலகிவிட்ட நிலையில் அதை அப்படியே விட்டுவைக்க இயலவில்லை. திறந்து கிடக்கும் உலோகத்தை நீரோட்டமும் மீன்பிடி வலைகளும் நினைவுப் பொருள் தேடுவோரும் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விடுவர். பிரித்தானிய விமானப் படை அருங்காட்சியகம் அதை வெளியே எடுக்க முடிவு செய்தது. தேசியப் பாரம்பரிய நினைவு நிதியம் 3,45,000 பவுண்டு வழங்கியது.

எடுத்த விதம் படிப்பினைக்குரியது. விமானத்தைச் சுற்றிக் கடலடியிலேயே ஓர் உலோகச் சட்டகம் அமைத்து, அதன்மேல் முழு உடலையும் தாங்கித் தூக்குவது முதல் திட்டம். 2013 மே மாதம் பணி தொடங்கியபோது, மணல் என்று நம்பிய இடத்தில் சற்றுக் கீழேயே கடினமான சுண்ணப்பாறை இருந்தது. காற்றும் அலையும் நாட்களைத் தின்றன. ஒதுக்கிய பணம் கரைந்துகொண்டிருந்தது. இறுதியில் சட்டகத்தைக் கைவிட்டு, விமானத்தின் வலுவான எலும்புகளில் நேரடியாகக் கயிறு பிணைத்து, ஜூன் 10ஆம் நாள் மாலை தூக்கினார்கள். சக்கரத்தின் டயர்களில் காற்று இன்னும் இருந்தது. விசிறிகள், கடலில் மோதிய கணத்தில் எப்படி வளைந்தனவோ அப்படியே வளைந்திருந்தன. அன்றைய காட்சி உலகெங்கும் தொலைக்காட்சிகளில் ஓடியது. பெரும்பாலோருக்குக் கதை அங்கே முடிந்துபோயிற்று.

நம்மைக் கவர்ந்தது அதன் பிறகு நடந்தது.

கடலடியில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த அந்த உடல், வெளியே வந்த கணம் முதல் விரைவாக அழியத் தொடங்கும் நிலையில் இருந்தது. விமான உடல் வெறும் அலுமினியம் அன்று. வலிமைக்காகச் சிறிது செம்பு கலந்த டியூராலுமின் என்னும் கலவை. அலுமினியத்தின் மேற்பரப்பில் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டு. அதுவே அதன் கவசம். கடலுப்பின் குளோரைடு அக்கவசத்தில் ஊசிமுனை போன்ற துளைகளை இட்டு உள்ளே நுழைகிறது. உள்ளே செம்பும் அலுமினியமும் அடுத்தடுத்து இருப்பதால், உப்புநீர் நடுவில் நிற்க, ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அலுமினியம் கரைகிறது. மணலின் அடியில் ஆக்சிஜன் குறைவு. அதனால் இது மெல்ல நடக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டாலோ உப்பு படிகமாகி உலோகத்தைப் பிளக்கும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து, பல்லாண்டுகளில் நடக்காத அழிவைச் சில மாதங்களில் நடத்திவிடும்.

ஆகவே காயவிடக் கூடாது என்பதே முதல் விதி. காஸ்ஃபோர்டு என்னும் ஊரிலுள்ள அருங்காட்சியகக் கிளையில், காய்கறி வளர்க்கும் பசுமைக்குடில் போன்ற இரண்டு நீண்ட கூடாரங்கள் அமைக்கப்பட்டன. உடல் ஒன்றிலும் இறக்கைகள் மற்றொன்றிலும் வைக்கப்பட்டு, அவற்றின்மீது சிட்ரிக் அமிலம் கலந்த நீர் தெளிக்கப்பட்டது. எலுமிச்சையில் உள்ள அதே அமிலம்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரி அறிவியலாளர்கள் இதன் அளவை வகுத்தனர். அமிலம் மிகுந்தாலும் காரம் மிகுந்தாலும் அலுமினியத்தின் கவசப் படலம் கரைந்துவிடும். எனவே அமிலத்தோடு சிறிது காரமும் சேர்த்து, சற்றே புளிப்பான ஒரு நடுநிலையில் நீர் நிறுத்தப்பட்டது. கிளிஞ்சலும் கடற்சுண்ணமும் இளக வேண்டும். உப்பு வெளியேற வேண்டும். வண்ணப்பூச்சில் மிஞ்சியது போகக் கூடாது. புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வேதியியல் பாதி தெரியும். ஊறவிடும் நேரம் மிகுந்தால் விளக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

தூக்கியது ஒரு மாலைப்பொழுது. உப்பை வெளியேற்றும் பணியோ ஆண்டுக் கணக்கில் நடந்தது. அதைக் காட்ட எந்தத் தொலைக்காட்சியும் வரவில்லை. பழுது நீக்கிப் புதியதுபோல் ஆக்குவதும் நோக்கமன்று. வளைந்த விசிறி வளைந்தபடி, துளைபட்ட தகடு துளையோடு காக்கப்பட வேண்டும் என்பதே திட்டம்.

*

இதைப் படித்தபோது நமக்கு எழும்பூர் நினைவுக்கு வந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இந்தியாவில் இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1930களில் அங்கே பணிபுரிந்த எஸ். பரமசிவன், மண்ணிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் தூய்மை செய்தார். அத்திருமேனிகளுக்கு வரும் கேட்டை வெண்கல நோய் என்பர். மண்ணில் கிடந்த காலத்தில் உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு, வெளிக்காற்றின் ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். சிலை வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும். குட்வின் மணலில் கிடந்த போர் விமானத்துக்கும் தஞ்சை மண்ணில் புதைந்து கிடந்த நடராசருக்கும் பகை ஒன்றே. இரண்டுக்கும் ஆபத்து மிகுவது மீட்கப்பட்ட பிறகுதான். ஏடுகளுக்கும் இது பொருந்தும். பரணில் பல தலைமுறை கிடந்த கட்டை ஆர்வத்தோடு அவிழ்க்கும் அந்த ஒரு நாளில் ஒடிந்துபோகும் ஓலைகள் எத்தனை என்பதைச் சுவடித் துறையினர் அறிவர்.

வகுப்பில் இச்செய்தியைச் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்தார். ஆவடிப் பக்கம் அவருடைய குடும்பத்தார் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார்கள். “ஐயா, எங்க கடைக்கு வந்திருந்தா ஒரே நாள்ல வெட்டி எடை போட்டிருப்போம். குண்டு போட வந்தவன் விமானத்துக்கா இவ்வளவு செலவு?” என்றார். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, நேர்மையான கேள்வி அது. போர் முடிந்ததும் அந்த நாடுகளும் எடைதான் போட்டன. எல்லாவற்றையும் எடை போட்டு முடித்தபின்னரே எஞ்சிய ஒன்றின் அருமை தெரிந்தது. பகைவன் பொருள் என்பதற்கும் நம்மிடமே விடை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைச் சுட்ட எம்டன் கப்பலின் குண்டுச் சிதறலை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காத்து வைத்திருக்கிறோம். அதன் பெயரை நம் பேச்சு மொழியிலும் வைத்திருக்கிறோம். தாக்கியவனின் பொருளைத் தாக்கப்பட்டவன் காத்து வைப்பது, அந்த நாள் உண்மையில் நடந்தது என்பதற்குச் சான்று வைப்பதாகும்.

அம்மாணவர் அடுத்துக் கேட்டது இன்னும் கடினமானது. “அப்ப நம்ம கடல்ல கிடக்கறதையும் எடுக்கணுமா ஐயா?”

நம் பகுதிக்கும் அந்தப் போருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. நம் ஊருக்கு வடகிழக்கேயுள்ள செங்குன்றம் ஏரி, 1942 முதல் போர் முடியும்வரை நீர்விமானத் தளமாக இருந்தது. பிரித்தானிய விமானப் படையின் 240ஆம் அணியின் கேட்டலினா விமானங்கள், படகு போன்ற அடிவயிற்றால் ஏரிநீரில் இறங்கி, ஏரிநீரிலிருந்தே எழுந்து, வங்கக் கடலைக் கண்காணித்தன. இன்று அந்த நீரைத்தான் சென்னை குடிக்கிறது. இலங்கையின் தெற்கே கொக்கலையிலிருந்தும் அதே வகை விமானங்கள் பறந்தன. அவற்றுள் ஒன்றுதான், லெனர்டு பர்ச்சால் என்னும் கனடா நாட்டு விமானியின் தலைமையில், 1942 ஏப்ரல் 4ஆம் நாள் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. உடனே சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். விமானம் ஆழ்கடலில் கிடக்கிறது.

அண்மைக் காலத்தில் நம் கரைக்கு அருகிலேயே இருமுறை கடல் விமானங்களைக் கொண்டது. 2015 ஜூன் 8 அன்று கடலோரக் காவல்படை விமானம் ஒன்று மூவருடன் மறைந்தது. அதுவும் டோர்னியர் என்னும் பெயருடையதே. அடுத்த மாதம் பிச்சாவரத்துக்கு அப்பால் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டு, பயணப் பதிவுக் கருவியையும் மனித எச்சங்களையும் மேலே கொண்டுவந்தனர். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏ.என்.-32, 29 பேருடன் காணாமற் போயிற்று. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. ஆழம் சுமார் 3,400 மீட்டர்.

இவற்றை ஒரே நிறையில் வைக்க இயலாது. குட்வின் விமானத்துக்குள் எவருடைய உடலும் இல்லை, அது பாழடையும் இடத்தில் திறந்து கிடந்தது, எடுத்தது முறை. 2015இல் குடும்பங்களுக்குத் திருப்பித் தர வேண்டியதும் காரணம் சொல்லக்கூடியதும் மேலே வந்தன, உலோகம் இரண்டாம்பட்சம். ஏ.என்.-32 கிடக்கும் இடமோ 29 பேரின் அடக்கவிடம். எங்கே என்று தெரியாமல் ஏழரை ஆண்டுகள் வாசலைப் பார்த்திருந்தவர்களுக்கு, ‘இங்கே’ என்று காட்டிய அந்தப் படங்களும் ஒருவகை மீட்புத்தான். நீருக்கடியிலுள்ள பண்பாட்டுச் செல்வங்கள் பற்றிய யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையும், கிடக்கும் இடத்திலேயே காப்பதை முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அதன் வரையறை நூறாண்டுகள் நீரில் கிடந்தவற்றுக்கு உரியது. இரண்டாம் உலகப் போரின் விமானங்கள் 2040களில்தான் அந்த வயதை எட்டும். அதுவரை அவற்றைக் காப்பது, அந்தந்த நாட்டுச் சட்டங்களும் எடுக்க விரும்புவோரின் மனச்சான்றுமே.

மாணவருக்கு நாம் சொன்ன விடை இது. காஸ்ஃபோர்டில் அந்த இரண்டு கூடாரங்களும் விமானம் கடலைவிட்டு எழும் முன்பே தயாராக இருந்தன. எடுக்கலாமா என்று கேட்பவர், வைக்க இடம் எங்கே, நீர் தெளிப்பவர் யார், ஐந்தாம் ஆண்டில் ஊதியம் கொடுப்பவர் யார் என்னும் கேள்விகளுக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். சொல்ல முடியாதெனில் கடலே நல்ல காவலன்.

தமிழ் படித்தவருக்கு விமானத்தில் என்ன அக்கறை என்பதற்கும் இதுவே விடை. பூவிருந்தவல்லி, திருமழிசை வட்டாரத்துப் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணிலிருந்து ஏட்டுக்கட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. கிடைத்தவுடன் கயிற்றை அவிழ்க்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். கட்டியபடியே பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தாரிடம் முதலில் கேளுங்கள். இத்தனை தலைமுறை காத்திருந்த ஏடு இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.