தேடிய கூலி

மெக்கானிக் பாயின் கை முதலில் போவது ஓர் இண்டிகேட்டர் பல்புக்குத்தான். 12 வோல்ட், 21 வாட். ஹோல்டரிலிருந்து இரண்டு ஒயர்கள் நீளும். ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதன் நுனியில் தீட்டிய எஃகு ஊசி. அவரிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. சுவரில் தொங்கும் பையில் ஸ்கேனரும் இருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும் கார் ஏதாவது உள்ளே வந்தால், பல்பைத் தோளில் போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மூலையில் கிடந்த ஒயர் துண்டு ஒன்றை எடுத்தார். வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து உருவியதாம். மேலே ரப்பர் உறை பளபளவென்று நன்றாக இருந்தது. நுனியில் செம்பு இழைகள் கறுத்து, பச்சைக் களிம்பு படிந்திருந்தது. ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வைத்தார், மறுமுனையில் மல்டிமீட்டரைத் தொட்டார். 12.4 காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மீட்டரை எடுத்துவிட்டு அதே முனையில் பல்பைத் தொட்டார். பல்பின் இழை செக்கச்செவேலென்று மங்கலாகக் கனன்றதே தவிர வெளிச்சம் வரவில்லை.

“மீட்டருக்குக் கரண்ட்டே வேணாம் சார். வீட்ல ஆள் இருக்கான்னு மட்டும் எட்டிப் பாத்துட்டு வந்துடும். பல்புதான் வேலை வாங்கும்.”

அந்த பல்பு எரிய ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் ஓட வேண்டும். களிம்பேறிய ஒயரால் வோல்ட்டைக் காட்ட முடிகிறது, ஆம்பியரைச் சுமக்க முடிவதில்லை. ஓடும் கார்கள் நடுரோட்டில் அணைவதில் பாதிக் கதை இதற்குள் அடங்கிவிடுகிறது.

சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய சந்து ஒன்றில் தகரக் கூரை போட்ட ஷெட் அவருடையது. எஞ்சின் பிரிப்பது, கிளட்ச் மாற்றுவதெல்லாம் இங்கே கிடையாது. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஒயரிங் மட்டும்தான். சுற்றியிருக்கும் மெக்கானிக்குகள் தங்களால் பிடிக்க முடியாத வண்டிகளை இங்கே அனுப்புகிறார்கள். என் வண்டியும் அப்படி வந்ததுதான். 2011 மாடல், மூன்றாவது கை. வெயிலில் முக்கால் மணி நேரம் ஓடினால் எந்த அறிகுறியும் இல்லாமல் அணைந்துவிடும். கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். அணையும் அந்த நொடியில் ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக் இரண்டொரு மிதிக்கு மட்டும் மெத்தென்று இருக்கும், அதற்கப்புறம் கல். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது அதைக் கையாள்வது எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அதற்கு முன் பார்த்த ஷெட்டில் ப்ளக், இக்னிஷன் காயில், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றியிருந்தார்கள். பில்லை பாயிடம் நீட்டினேன். முழுதாகப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். யாரையும் குறை சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார்.

“ஆஃப் ஆகும்போது ஆர்.பி.எம். முள்ளு எப்படி விழுது? சட்டுனா, மெதுவாவா?”

சட்டென்று.

“ஆயில் லைட், பேட்டரி லைட் எரியுதா?”

எரிகிறது.

“செக் லைட்டு? மஞ்சளா, எஞ்சின் படம் போட்டது.”

கடைசி முறை நின்றபோது கவனித்திருந்தேன். அது எரியவில்லை.

பாய் திரும்பி, தரையில் உட்கார்ந்து செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை மாற்றிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார். “கேட்டுக்கினியா?” என்றார். அவன் தலையாட்டினான். எனக்கு விளங்கவில்லை என்பதைக் கண்டு, நிதானமாக விளக்கினார்.

கியரில் ஓடும் கார் பெட்ரோல் கிடைக்காமல் அணைந்தால், சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்துதான் இறங்கும். முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், எஞ்சின் சுற்றுவதைச் சொல்லும் சென்சார் செத்திருக்கிறது, அல்லது அதைப் படிக்கும் கம்ப்யூட்டர் செத்திருக்கிறது. இந்த வயது வண்டிகளில் செக் லைட்டைப் போடுவது அந்தக் கம்ப்யூட்டர்தான், அதாவது ஈசிஎம். மற்ற விளக்குகள் எரிந்து அது மட்டும் எரியாவிட்டால், ஈசிஎம்முக்கே கரண்ட் போகவில்லை. முந்தைய ஷெட்டில் ஸ்கேனர் போட்டு “கோட் எதுவும் இல்லை” என்று சொன்னதன் காரணமும் அதுவே. தனக்கே மின்சாரம் அறுந்த நொடியில் ஈசிஎம்மால் எந்தப் பழுதையும் எழுதிவைக்க முடியாது. ஆக, ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல், மூன்று கேள்விகளில் பம்ப், காயில், ப்ளக் எல்லாம் சந்தேகத்திலிருந்து விலகிவிட்டன.

பாய் தொழில் கற்றது அம்பாசடரில். அந்தக் காலத்திலும் வண்டிகள் நின்றன. கோடையில், பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி லைனை அடைக்கும். ஈரத்துணியைச் சுற்றினால் சரியாகும். பிளாட்டினம் பாயின்ட் கருகும். உப்புத்தாளால் தேய்த்தால் ஓடும். கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. 2000ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகி, கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்ததும் எல்லாம் ஒயருக்குள் போய்விட்டது. கூடப் பழகியவர்களில் பலர் அத்தோடு தொழிலை விட்டுவிட்டார்கள் என்றார். அவர் ஈசிஎம் ஒயரிங் படங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துப் படிக்கத் தொடங்கினார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அந்தப் படங்கள் இப்போதும் அலமாரியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன; எண்ணெய்க் கறையோடு, பென்சில் குறிப்புகளோடு, சில இடங்களில் உருதுவில்.

தேடல் எப்படி நடந்தது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்த்த கைவேலைகளில் இவ்வளவு சிக்கனமானதை அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். மூன்று சின்ன பல்புகளை எடுத்து, நீளமான ஒயர்களோடு இணைத்தார். ஒன்றை இக்னிஷன் சாவியிலிருந்து வரும் லைனில் கொடுத்தார். இன்னொன்றை, ஈசிஎம்முக்குக் கரண்ட் விடும் மெயின் ரிலேயிலிருந்து வெளியே போகும் லைனில். மூன்றாவதை ஈசிஎம்முக்குள் நுழையும் இடத்தில். ஒயர்களைப் பானெட் ஓரமாகக் கொண்டுவந்து, மூன்று பல்புகளையும் டாஷ்போர்டின் மேல் வரிசையாக டேப் போட்டு ஒட்டினார். பிறகு பையனிடம் சாவியைக் கொடுத்தார்.

“மேடு பள்ளத்துல ஓட்டு. ஏ.சி. போடு. சூடாவட்டும்.”

கொரட்டூர்ப் பக்கத்து உள்தெருக்களிலும் பாடி மேம்பாலத்தின் மேலும் கீழுமாகச் சுற்றினோம். நான் பின் சீட்டில். பாய் முன்னால் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் மூன்று பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. வண்டி நிற்கவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி, எஞ்சினை ஓடவிட்டு டீ குடித்தோம். மறுபடி கிளம்பினோம். பழுது தானாக வெளியே வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நேரத்தில் வேறு வண்டியில் கை வைத்தால் கவனம் சிதறிவிடும் என்று, வந்த ஆட்டோ ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அந்த ஆட்டோவில் கிடைத்திருக்கக்கூடிய கூலி போனது போனதுதான்.

மதியத்துக்கு மேல், ஒரு வேகத்தடையைத் தாண்டி இறங்கியதும் எஞ்சின் அடங்கியது. சாவி லைன் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்ததும் கடைசியில் இருந்ததும் ஒன்றாக அணைந்திருந்தன. பாய் முதல்முறையாகச் சிரித்தார். “இறங்காதீங்க, யாரும் எதையும் ஆட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு, பானெட்டை மெல்லத் தூக்கி, ஃப்யூஸ் பாக்ஸின் மூடியைத் திறந்து, மெயின் ரிலேயின் மேல் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினார். இரண்டு பல்புகளும் எரிந்தன. விரலை எடுத்தார். அணைந்தன.

ரிலேயில் குற்றமில்லை. ரிலேயின் கால் போய் உட்காரும் பித்தளைத் தகடுதான் பிடிப்பை இழந்து அகன்றிருந்தது. ஷெட்டுக்கு வந்து கழற்றிக் காட்டினார். தகட்டின் ஒரு பக்கம் களிம்பு. சுற்றியிருந்த பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பாகியிருந்தது. தொடர்பு சரியில்லாததால் சூடு, சூட்டினால் தகடு இன்னும் தளர்வு, தளர்ந்ததால் மேலும் சூடு. குளிர்ந்ததும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனதன் ரகசியம் இவ்வளவுதான்.

களிம்பு எப்படி வந்தது என்று பார்க்க, முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். அடியில் சுருண்டிருந்த பகுதியில் குறுக்கே மங்கலான சேற்றுக் கோடு. சீட்டுக்கு அடியில் போகும் ஏர்பேக்கின் மஞ்சள் ஒயர் கனெக்டரிலும் பச்சை படிந்திருந்தது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முழுகிய கார்களில் பலவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் டோட்டல் லாஸ் என்று எழுதி ஏலத்தில் விட்டன. அவற்றில் ஒரு பங்கு கழுவித் துடைத்து, வாசனை அடித்து, மறுபடி ரோட்டுக்கு வருகிறது. எஞ்சின் ஆயிலை மாற்றினால் ஓடும். ஒயருக்குள் புகுந்த ஈரம் மட்டும் இழை இழையாக உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே போய், வருஷங்கள் கழித்துத் தலை காட்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதைவிட அந்த சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது உத்தமம்.

கோளாறு கம்பெனியிலிருந்தே வருவதும் உண்டு. பெட்ரோல் பம்பின் உட்சுழலியில் இருந்த குறைக்காக ஹோண்டா 2021 ஏப்ரலில் இந்தியாவில் 77,954 கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே எஞ்சின் நிற்கலாம் என்பதே காரணம். இப்படிப்பட்ட அழைப்புகள் முதல் கைக்குப் போய்ச் சேரும், மூன்றாவது கைக்குப் பல நேரம் வருவதில்லை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து நாமேதான் விசாரிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் இதைவிடக் கொடுமை. சாவி ஸ்விட்ச் இறுக்கமில்லாமல், ஓடும்போதே தானாகத் திரும்பி எஞ்சினையும் ஏர்பேக்கையும் சேர்த்து அணைத்தது. 2014இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் அந்த ஸ்விட்சுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124. அந்தக் குறையை வெளியே கொண்டுவந்ததில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. விபத்தில் சிக்கிய காரின் ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புதிய ஸ்விட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்ட் நம்பர் ஒன்றுதான்; ஆனால் புதியதில் இருந்த ஸ்பிரிங் முனை சற்றே நீளமாக இருந்தது. கம்பெனி ஓசைப்படாமல் பாகத்தை மாற்றியிருந்தது. பாய் ரிலேயின் மேல் விரலை வைத்ததும் அந்தப் பொறியாளர் ஸ்விட்சை வைத்து அளந்ததும் எனக்கு ஒரே தொழிலாகப் படுகின்றன. ஒருவருக்கு ஆய்வகம் இருந்தது, இவருக்குத் தகரக் கூரை.

தகடு வாங்கப் பையன் புதுப்பேட்டைக்குப் போனான். டூப்ளிகேட் புதுசை பாய் தொடமாட்டார். “கழட்டின ஒரிஜினல் எடுத்துட்டு வா” என்று மாடல் நம்பரைக் கையில் எழுதி அனுப்பினார். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில், பிரித்துப்போட்ட கார்களின் ஃப்யூஸ் பாக்ஸ்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எந்த மூட்டையில் எது என்பது கடைக்காரருக்குத் தெரியும். வந்ததும் அந்தத் தகட்டை ஒயரோடு கிரிம்ப் போட்டு இறுக்கினார். ஈயம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, ஈயம் ஊறிய இடத்தில் ஒயர் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் அந்த விளிம்பில்தான் ஒடியும் என்றார்.

வந்தவாசிப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கும் அந்தப் பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். இன்னும் ஒரு வருஷம் இருப்பானா என்று பாய்க்குச் சந்தேகம். சாப்பாடு டெலிவரியில் அவனுடைய நண்பர்கள் இங்கே கிடைப்பதைவிட அதிகம் சம்பாதிக்கிறார்களாம். அவனைப் பிடித்துவைக்கும் அளவுக்குச் சம்பளம் தர பாயால் முடியவில்லை. காரணத்தை அவர் பில் புத்தகத்தில் பார்த்தேன். அதில் இரண்டே பத்திகள்: சாமான், கூலி. கூலி என்பது எதையாவது மாற்றியதற்கான கூலி. பம்ப் மாற்றினால் பம்புக்கு ஒரு விலை, அதை மாட்டியதற்கு ஒரு விலை, கடையில் கிடைக்கும் கமிஷன் வேறு. தகடு ஒன்றை மாற்றியதற்கு என்ன எழுத முடியும்? தப்பான பாகத்தை மாற்றிய ஷெட், சரியான இடத்தைக் கண்டுபிடித்த ஷெட்டைவிடப் பல மடங்கு வாங்கியிருந்தது. பொருளுக்குப் பணம் கொடுக்கத் தயங்காத நாம், தேடியதற்குக் கொடுக்கப் பழகவில்லை. இப்படியே போனால் தேடத் தெரிந்தவர்கள் எல்லோரும் பாகம் மாற்றுகிறவர்களாகிவிடுவார்கள். அதன் செலவு நம் தலையில்தான் விழும்.

பாய் பில் போட்டார். ரிலே தகடு, கிரிம்ப் கூலி, மொத்தம் 350 ரூபாய். கீழே இன்னொரு வரி சேர்த்து ‘பழுது தேடிய கூலி’ என்று எழுதச் சொன்னேன். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அப்படியெல்லாம் எழுதினதில்லை சார் என்றார். காலையிலிருந்து மணிக்கணக்கில் இதிலேயே இருந்தீர்களே, அந்த நேரத்தைப் போடுங்கள் என்றேன். எவ்வளவு என்று பையனைத் திரும்பிக் கேட்டார். அவன் அஞ்சு மணி நேரம் பாய் என்றான்.

அவர் இரண்டு என்று எழுதினார். நான் பேனாவை வாங்கி ஐந்து என்று திருத்தினேன். அதற்குள் வாசலில் வந்து நின்ற கால்டாக்சியின் டிரைவர், பைபாஸில் வண்டி ஆஃப் ஆகி அரைமணி நேரம் நின்றதாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார். பையன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போனான். “ஆஃப் ஆகும்போது செக் லைட் எரிஞ்சுதாண்ணா?” என்று கேட்டான்.